மூன்றாவது ஆள்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கோவையில் படிக்கிறேன். நானும் தம்பியும் சில வருடங்களாக ஃபார்முலா ஒன் பார்க்கிறோம். எனக்கு லாண்டோ நோரிஸ், அவனுக்கு ஆஸ்கர் பியாஸ்ட்ரி. 2025 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில், நோரிஸுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி பியாஸ்ட்ரியிடம் இருவருடைய அணியான மெக்லாரன் சொன்னது. அவரும் கொடுத்தார். அன்று வீட்டில் தொடங்கிய சண்டை டிசம்பரில் நோரிஸ் சாம்பியன் ஆனதும் முற்றிவிட்டது. அப்பா வழக்கம்போல என் பக்கம். “உனக்கென்னடா தெரியும், அக்கா சொல்றதக் கேளு” என்று டிவியை நிறுத்திவிட்டார். தம்பி இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரே அணியில் இருந்துகொண்டு ஒரே பட்டத்துக்கு மோதுகிறவர்கள் நண்பர்களாக இருக்க முடியுமா? யார் பக்கம் நியாயம்?

பழைய பந்தயங்களையும் தேடிப் பார்த்தேன். 1988, 89இல் மெக்லாரனில் ஒன்றாக ஓட்டியவர்கள் செனாவும் ப்ரோஸ்டும். செனாவோடு ஒப்பிட்டால் ப்ரோஸ்ட் மழைக்குப் பயந்த கோழை என்றே தோன்றியது. பெட்ரோலை எரிக்கும் பணக்கார விளையாட்டைப் பற்றி உங்களிடம் கேட்கலாமா என்றும் தயக்கம். இதைப் பற்றிப் படிக்க ஏதாவது சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

வருடத்தின் கடைசிப் பந்தயமான அபுதாபி முடிந்த நாளிலிருந்து இதே விஷயம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

தயக்கம் எதற்கு? பணக்கார விளையாட்டுதான். அதில் மாட்டிக்கொண்டு தவிக்கும் மனசு எல்லா வீட்டிலும் இருப்பதுதான். புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பழைய பந்தயங்களை முழுசாகப் பாருங்கள். ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பார்த்ததால்தான் கோழை என்ற சொல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்தச் சொல் எனக்குக் கோபமூட்டியது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1982 ஏப்ரல் 25, இத்தாலியின் இமோலா. முன்னால் இரண்டு ஃபெராரிகள். முதலில் ஜில் வில்நெவ், அடுத்து திதியே பிரோனி. வெற்றி எப்படியும் ஃபெராரிக்குத்தான். தடத்தோரம் அணிக்காரர்கள் நிற்கும் பிட் சுவரிலிருந்து ‘ஸ்லோ’ என்று எழுதிய பலகையைக் காட்டினார்கள். இருக்கிற வரிசையிலேயே நிதானமாக ஓட்டி முடிக்கச் சொல்கிறார்கள் என்று வில்நெவ் எடுத்துக்கொண்டார். பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சுற்றில் முந்தி ஜெயித்துவிட்டார். இனி அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றார் வில்நெவ். 13 நாள் கழித்து பெல்ஜியத்தில் ஸோல்டர். பந்தயத்தில் நிற்கும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் பிரோனியின் நேரம் வில்நெவ்வுடையதைவிடச் சற்றுக் குறைவு. அந்த நிலையில் இன்னொரு முறை வெளியே போன வில்நெவ், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காரில் மோதித் தூக்கியெறியப்பட்டு இறந்தார்.

அதே வருடம் ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். கொட்டுகிற மழையில் பயிற்சி. சாம்பியன் பட்டியலில் முதலில் நின்ற பிரோனிக்கு, சக்கரங்கள் வாரியடித்த தண்ணீர்த் திரைக்குள் முன்னால் இருந்த கார் தெரியவில்லை. அதன் பின்சக்கரத்தில் ஏறிப் பறந்து விழுந்தார். இரண்டு கால்களும் நொறுங்கின. ஃபார்முலா ஒன்னில் அவர் மறுபடி ஓட்டவே இல்லை. அவர் ஏறியது அலென் ப்ரோஸ்டின் காரில்.

இப்போது 1989, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வாருங்கள். நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். மழை, தடமெல்லாம் தண்ணீர். ப்ரோஸ்ட் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, இதில் ஓட்டமாட்டேன் என்று காரை நிறுத்தினார். செனா ஓட்டினார். தண்ணீர்த் திரைக்குள் முன்னே போன மார்ட்டின் பிரண்டிலின் கார் தெரியாமல் அதன் பின்னால் போய் மோதினார். பிரண்டிலின் காரில் பின்பக்கம் பார்த்து ஒரு கேமரா இருந்தது. வெண்மைக்குள்ளிருந்து செனாவின் கார் திடீரென்று கிளம்பி வருவது அதில் பதிவாகியிருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஹாக்கன்ஹைமை நினைத்துக்கொள்ளுங்கள். தன் முதுகுக்குப் பின்னால் ஒருவனின் கால்கள் போனதைக் கண்டவர், 4 முறை சாம்பியன், 51 பந்தயம் ஜெயித்தவர். அத்தனை கண்களும் பார்க்க, முடியாது என்று சொல்லி இறங்கிப் போவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! போனைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் நானும் அவரை எடைபோட வேண்டாம் அம்மா.

இமோலாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வில்நெவ் சரியா, பிரோனி சரியா என்றே பேசுகிறார்கள். பலகை பிடித்தவர்களை யாரும் கேட்பதில்லை. பந்தயத்துக்கு முன்னால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, இன்ன நிலைமை வந்தால் இதுதான் முறை என்று யார் சொன்னார்கள்? பிரோனி 1987இல் படகுப் பந்தயத்தில் இறந்தார். அதற்குப் பிறகு பிறந்த அவருடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு திதியே, ஜில் என்றுதான் பெயர். அந்த ஜில் பிரோனி மெர்சிடஸ் அணியில் பொறியாளர் ஆனார். 2020இல் சில்வர்ஸ்டோனில் மேடையேறி அணிக்கான கோப்பையை வாங்கினார். பெற்றவளுக்கு இருந்த தெளிவு பிட் சுவரில் இல்லை.

எங்கள் அப்பாவுக்குக் குன்னூரில் பட்டறை. அங்கே இரண்டு அண்ணன்மார் வேலை பழகினார்கள். சோழவரத்தில் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் இன்னும் வரவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் போகும், ஆளுக்கொன்று. ராத்திரியில் கடையை அடைத்துவிட்டு, சிலிண்டர் போர்ட்டை அரைவட்ட அரத்தால் ராவி, எமரித் தாள் போட்டு வழவழப்பாக்குவார்கள். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. ஒருவர் ராவுவதை மற்றவர் விரல் விட்டுத் தடவிப் பார்த்துச் சரி சொல்லுவார். போட்டி இல்லையா என்றால், கடுமையான போட்டி. கோத்தகிரி ரோட்டில் விடியற்காலையில் ஒருவரையொருவர் துரத்துவார்கள். வந்து ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பார்கள்.

மலையில் ஓடும் வண்டிக்கு ஒரு விஷயம் உண்டு. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. காற்று மெலிசு. அதனால் கார்ப்பரேட்டரில் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) போடுவோம், இல்லாவிட்டால் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும். அதே ஜெட்டோடு சமவெளிக்கு இறங்கினால் கதை தலைகீழ். காற்று கனம், பெட்ரோல் பற்றாது, சூடேறும். நேர்த்தடத்தில் முழு த்ராட்டில் பிடித்தால் பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். சீஸ் ஆவது என்பார்கள். எந்த உயரத்துக்கு எந்த நம்பர் ஜெட் என்பது அப்பாவின் மனக்கணக்கு. பித்தளை ஜெட்டுகளை வத்திப்பெட்டியில் போட்டு மேல்சட்டைப் பையில் வைத்திருப்பார்.

ஒரு வருடம் சோழவரத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, அப்பா மூத்தவரைக் கூப்பிட்டு ஒரு ஜெட்டைக் கையில் கொடுத்தார். “அப்ப தம்பிக்கு?” என்று அவர் கேட்டார். “அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ உன் வேலையப் பாரு” என்றார் அப்பா. நான் பக்கத்தில் நின்றேன். இளையவரிடம் அப்பா சொல்லவில்லை. மறந்தாரா, இருவரில் யார் என்று முடிவெடுத்துவிட்டாரா, கடைசிவரை வாய் திறக்கவில்லை. இளையவரின் வண்டி நேர்த்தடத்தில் சீஸ் ஆகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, காறை எலும்பு முறிந்தது. மூத்தவர் கோப்பையோடு வந்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இளையவர் மேட்டுப்பாளையத்தில் தனியாகப் பட்டறை போட்டார்.

பல வருடம் கழித்து அவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். “தெரியும்டா” என்றார். “மொதலாளிமேல கோவிச்சுக்க முடியுமா? சோறு போட்டவரு. அதான் அவன்மேல கோவிச்சுக்கிட்டேன்.”

க., இதை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் தம்பியின் கோபம் நோரிஸ்மேலும் இல்லை, உங்கள்மேலும் இல்லை. கடிதத்தில் ‘வழக்கம்போல’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வழக்கம் எத்தனை வருடத்துப் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா உங்கள் பக்கம் பேசியதை உங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை அப்படிப் பேசும்போது, தம்பி இருக்கும்போதே, “அவன் சொல்றதையும் கேளுங்கப்பா” என்று சொல்லுங்கள். அது உங்களால்தான் முடியும், அவனால் முடியாது.

அணியில் கூட இருப்பவன் மற்ற ஓட்டுநர்களைப் போல இல்லை. மற்றவர்களிடம் தோற்றால் காரைக் குறை சொல்லலாம். இவனிடம் தோற்றால் வழியில்லை, கார் ஒன்றேதான். அவன் எந்த இடத்தில் பிரேக்கை மிதித்தான், எங்கே ஆக்சிலரேட்டரை விட்டான் என்பதெல்லாம் திரையில் இவனுடைய கோட்டின்மேல் கோடாக விழும். ஒளிக்க ஒன்றுமில்லாமல் மோதுவதைத் தாங்க முடியும் என்றே நான் நம்புகிறேன். மெக்லாரன் 1988இல் 16 பந்தயத்தில் 15 ஜெயித்தது. செனா 8, ப்ரோஸ்ட் 7. அத்தனை மோதலிலும் உறவு ஒருமாதிரி தாக்குப்பிடித்தது. உடைந்தது அடுத்த வருடம் இமோலாவில். முதல் வளைவை யார் முன்னால் பிடிக்கிறார்களோ அவரை அங்கே மற்றவர் முந்துவதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம். மறுதொடக்கத்தில் ப்ரோஸ்ட் முன்னால், செனா முந்திவிட்டார். அப்புறம் ஹோண்டா தரும் என்ஜினிலேயே பாரபட்சம் என்று ப்ரோஸ்ட் வெளியில் சொல்லும் அளவுக்குப் போனது. அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் யாராலும் சேர்ந்து ஓட்ட முடியாது. 1994இல் செனாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ப்ரோஸ்டும் ஒருவர். நட்பு இருக்க முடியுமா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

மோன்சாவுக்கு வருகிறேன். பின்னால் வந்த ஃபெராரியின் லெக்லேரிடம் இடத்தை இழக்காமல் இருக்கப் பியாஸ்ட்ரியை முதலில் சக்கரம் மாற்றப் பிட்டுக்குக் கூப்பிட்டார்கள். அதனால் உன் இடம் போகாது என்று நோரிஸிடம் சொல்லியிருந்தார்கள். நோரிஸ் வந்தபோது சக்கரம் மாட்டத் தாமதமாகி, பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். திருப்பிக் கொடு என்றார்கள். பிட் தாமதமும் பந்தயத்தில் சேர்த்திதான் என்றுதானே பேசியிருந்தோம் என்று பியாஸ்ட்ரி ரேடியோவிலேயே கேட்டார், கேட்டுவிட்டு வழிவிட்டார். இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. வருடக் கடைசியில் நோரிஸ் 423, ரெட் புல் அணியின் வெர்ஸ்டப்பன் 421, பியாஸ்ட்ரி 410. அந்த 3 புள்ளியைக் கழித்தால் நோரிஸ் 420, பட்டம் வெர்ஸ்டப்பனுக்கு. உங்கள் தம்பி இந்தக் கணக்கை நிச்சயம் போட்டிருப்பான். அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மெக்லாரன் கேட்டதை உலகமே ரேடியோவில் கேட்டது, அதனால் அதைச் சதி என்று சொல்லமாட்டேன். ஆனால் தாமதத்துக்கு என்ன முறை என்பதை இருவரிடமும் முன்கூட்டியே ஒரே மாதிரி சொல்லியிருந்தால் பியாஸ்ட்ரிக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. அன்று அவர் வழிவிட்டது பெருந்தன்மை. அதே குழப்பத்தோடு இன்னொரு முறை கேட்டு அவர் மறுத்தால், நான் பியாஸ்ட்ரி பக்கம்தான் நிற்பேன்.