கொழுப்பு மாத்திரையால் தொடை வலிக்கிறது, நிறுத்திவிடலாமா?

மூன்று வாரமாக அட்டோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறீர்கள், இரண்டு தொடையும் கனக்கிறது, படியேறினால் கால் இழுக்கிறது, வீட்டில் "வயசாச்சு, அதான்" என்கிறார்கள், டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் சொல்லாமல் நிறுத்தினேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

எனக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 168 இருந்தது. 40 மி.கி. அட்டோர்வாஸ்டாடின் கொடுத்தார்கள், இரண்டே மாதத்தில் 92க்கு இறங்கிவிட்டது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. முந்தின நாள் மலையேறி இறங்கியது போல இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலி. நிறுத்திவிட்டேன். வலி போனது, நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதம் கழித்து வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தபோது 161. மாத்திரையை விட்ட சில வாரங்களில் கொழுப்பு பழைய இடத்துக்கே போய்விடும். வலி போனது நமக்குத் தெரிகிறது, கொழுப்பு ஏறுவது தெரிவதில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களோ ஸ்டென்ட் வைத்தவர்களோ தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து.

டாக்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் திட்டவில்லை, கேள்வி கேட்டார். வலி ஒரு பக்கமா, இரு பக்கமுமா? மூட்டிலா, சதையிலா? மாத்திரை ஆரம்பித்து எத்தனை நாளில் வந்தது? ஸ்டாடின், அதாவது அட்டோர்வாஸ்டாடின் வகை மாத்திரைகளால் வரும் வலி பெரும்பாலும் தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில் இரு பக்கமும் ஒன்றுபோல வரும். ஆரம்பித்த அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களுக்குள் வரும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அப்புறம் சி.பி.கே. (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, வைட்டமின் டி, கல்லீரல் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். தைராய்டு எதற்கு என்று கேட்டேன். தைராய்டு சுரப்பு குறைந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். அதைச் சரிசெய்தாலே இரண்டும் குறையக்கூடும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, நீங்கள் அவசியம் கேளுங்கள். சி.பி.கே.க்கு ரத்தம் கொடுக்கும் முன் ஓரிரு நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், அதனாலேயே எண் ஏறிவிடும். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, வைட்டமின் டி மிகக் குறைவு.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் கல்லீரல் அட்டோர்வாஸ்டாடினை வெளியேற்றும் வேலையைத் தடுத்துவிடும். நீங்கள் விழுங்குவது அதே அளவுதான், ரத்தத்தில் சேர்வது அதிகம்.

இனி சொல்வதைக் கேட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. 2020ல் வெளியான சாம்சன் என்ற ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாடினை விட்ட 60 பேருக்கு 12 குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாடின், நான்கில் மருந்தில்லாத போலி மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு குப்பி. தினமும் தொந்தரவுக்கு 100க்கு மதிப்பெண் போட வேண்டும். காலிக் குப்பி மாதங்களில் சராசரி 8, போலி மாத்திரையில் 15.4, உண்மை மாத்திரையில் 16.3. "அப்போ என் வலி பொய்யா?" என்று கேட்டேன். "வலி பொய் இல்லை, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி" என்றார் டாக்டர். அந்த 60 பேரில் பாதிப்பேர் பிறகு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள் என்பதுதான் என்னையும் சம்மதிக்க வைத்தது.

சரி என்று ஒரு நோட்டு போட்டேன். வைட்டமின் டி மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு வாரம், தினமும் படுக்கும் முன் வலி பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். பெரும்பாலும் 1, 2. ஒருநாள் ஸ்டாடின் இல்லாமலே 4. அப்புறம் இன்னொரு ஸ்டாடினான ரோசுவாஸ்டாடின் 5 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள். அது உடம்பில் நெடுநேரம் தங்கும் என்பதால் இடைவெளி விட்டாலும் வேலை செய்கிறது. முதல் நாள் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாத்திரையைக் கையில் எடுக்கும்போதே கால் கனத்தது. 5." விழுங்குவதற்கு முன்பே! பத்து நாளில் அது 2க்கு வந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் முதல் நாளே மறுபடி விட்டிருப்பேன்.

அளவைக் குறைத்தால் பலன் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும், ஆகவே பாதியாக்கினாலும் இழப்பு பெரிதில்லை. எனக்கு அதோடு எஸெடிமைப் 10 மி.கி. சேர்த்தார்கள். அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. மூன்று மாதத்தில் எல்.டி.எல். 97. கோஎன்சைம் கியூ10 என்ற சத்து மாத்திரையைச் சாப்பிடச் சொல்லிப் பலர் வருவார்கள். நான் இரண்டு மாதம் சாப்பிட்டேன், நோட்டில் எந்த மாற்றமும் இல்லை.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, எழவே முடியாத அளவு தசை பலவீனம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை மிக அரிது, ஆனால் அது காத்திருக்காது.

எனக்கு இப்போதும் சில இரவுகளில் கெண்டைக்கால் இழுக்கிறது, 2 என்று எழுதிவிட்டுப் படுக்கிறேன். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன். உங்கள் சி.பி.கே., தைராய்டு முடிவுகள் வந்ததும் இங்கே எழுதுங்கள், டாக்டரிடம் அடுத்து என்ன கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.