சிக்கு வாடை, பூசணம், விலைக் கணக்கு: மகளிர் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பலகாரம், ஊறுகாய், மசாலாப் பொடி செய்யும் மகளிர் குழுக்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

முறுக்கு, தட்டை சுட்டு விற்கிறோம். முதல் வாரம் நன்றாக இருக்கிறது. மூன்றாவது வாரம் சிக்கு வாடை என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். மாவில் குறையா? (குடியாத்தம்)

மாவில் இல்லை, எண்ணெயில். மாவு கெட்டால் புளித்த வாடை வரும். சிக்கு வாடை எண்ணெய் முறிந்ததால் வருவது. நேற்று மிஞ்சிய எண்ணெயோடு இன்று புது எண்ணெயை ஊற்றிச் சுடுகிறீர்களா? பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. பழைய எண்ணெய் புதியதையும் வேகமாகக் கெடுத்துவிடும். சுட்ட அன்று ருசியில் எதுவும் தெரியாது. பாக்கெட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் காட்டிக் கொடுக்கும்.

எண்ணெய்ச் சூட்டைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் வெப்பமானி வைத்து அளங்கள். 170 முதல் 180 டிகிரி போதும். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் அடியில் கிடக்கும் தூளை அரிகரண்டியால் அள்ளிவிடுங்கள். அது கருகித்தான் எண்ணெய் சீக்கிரம் கறுக்கிறது. வேலை முடிந்ததும் துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் நிழலில் வையுங்கள். இரும்புச் சட்டியிலோ பித்தளையிலோ இரவு முழுக்க விடாதீர்கள், அந்த உலோகங்கள் எண்ணெய் கெடுவதைத் துரிதப்படுத்தும். நுரை அடங்காமல் பொங்கினாலோ, கையில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டினாலோ, வழக்கமான சூட்டிலேயே புகைந்தாலோ அந்த எண்ணெயைக் கழித்துவிடுங்கள். பயோடீசல் தயாரிப்புக்கு இதை வாங்குபவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அடுத்தது கவர். கண்ணாடி மாதிரி தெரியும் மெல்லிய கவர் பார்வைக்கு அழகு, ஆனால் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்காது. உள்பக்கம் வெள்ளிப்பூச்சு உள்ள கவருக்கு மாறுங்கள். முறுக்கு முழுக்க ஆறியபின், அன்று மாலைக்குள்ளேயே சீல் வையுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து நமத்துப் போகும், அது வேறு கோளாறு.

ஒவ்வொரு நாள் சரக்கிலும் மூன்று பாக்கெட்டை எடுத்து உங்கள் அலமாரியில் வைத்து 15, 30, 45-ஆம் நாளில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது நன்றாக இருந்து கடையில் இருப்பது மட்டும் கெட்டால், கடைக்காரர் அதை வாசல் கம்பியில் வெயில் படத் தொங்கவிட்டிருக்கிறார். வேலூர் வெயிலுக்கு அது தாங்காது.

மாங்காய் ஊறுகாயில் மேலே வெள்ளையாகப் பூசணம் படர்கிறது. அதை எடுத்துவிட்டு விற்கலாமா? (கே.வி.குப்பம்)

கூடாது. கண்ணுக்குத் தெரிவதை எடுத்தாலும் வேர் கீழே இறங்கியிருக்கும். அந்த ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வெட்டிய மாங்காய் 10 கிலோவுக்குக் கல் உப்பு 1.5 முதல் 1.8 கிலோ வேண்டும். உப்பு குறைவாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காக ஒரு கிலோவுக்கு இறக்கியிருந்தால் பூசணம் வரத்தான் செய்யும். காயைக் கழுவியபின் துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். நல்லெண்ணெய் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும், துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கட்டும். எண்ணெய்க்கு மேலே தலை நீட்டும் துண்டில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். பாட்டிலில் நிரப்பிய பிறகும் மேலே தனியாக எண்ணெய் ஊற்றுங்கள்.

மிளகாய்த்தூள் பாக்கெட்டில் கட்டி கட்டியாகிறது. (ஆற்காடு)

மில்லிலிருந்து சூட்டோடு கொண்டுவந்து கட்டுகிறீர்கள். அகலமான தட்டுகளில் பரப்பி, நிழலில் மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்டுச் சலித்துக் கட்டுங்கள். அரைக்குமுன் மிளகாயை ஒடித்துப் பாருங்கள், சடக்கென்று ஒடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைந்தால் மில்லுக்கு எடுத்துப் போகவே வேண்டாம். உங்களுக்கு முன்னால் அந்தக் கல்லில் என்ன அரைத்தார்கள் என்றும் கேளுங்கள். வேர்க்கடலையோ கோதுமையோ என்றால் முதலில் விழும் அரைக்கிலோ தூளை விற்பனைக்குச் சேர்க்காதீர்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்? (சோளிங்கர்)

பொருளின் பெயர், அளவில் அதிகமானது முதலாக வரும் வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, கட்டிய தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது, தொகுதி (பேட்ச்) எண், பச்சைப் புள்ளிச் சின்னம், முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவின் 14 இலக்க எண். முகவரியில் ஒன்றைக் கவனியுங்கள். 2019-ல் மாவட்டம் பிரிந்துவிட்டது. பழைய அச்சுப்படி 'வேலூர் மாவட்டம்' என்றே போடாமல் ராணிப்பேட்டை என்று மாற்றுங்கள், பதிவுச் சான்றிதழிலும் அப்படியே இருக்கட்டும்.

விற்பனை நன்றாக இருக்கிறது, கையில் காசு நிற்பதில்லை. (அணைக்கட்டு)

உங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை போட்டிருக்கிறீர்கள். ஒரு கிலோ முறுக்குக்கு உதாரணக் கணக்கு இது: சாமான் 140, எரிவாயு 20, கவர் 12, உடைசல் 8, ஆக 180 ரூபாய். ஐந்து பேர் ஒரு நாளில் 40 கிலோ சுட்டு, ஆளுக்கு 400 ரூபாய் கூலி என்றால் கிலோவுக்கு 50. வாடகை, வண்டி, தேய்மானம் 15. அடக்கம் 245. லாபம் 25 சேர்த்தால் 270.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். கடைக்காரர் கேட்கும் 20 சதவீதம் அதிகபட்ச விலையின் மேல். 270-க்கு 20 சதவீதம் கூட்டி 324 என்று அச்சிட்டால், அவர் 65 எடுத்துக்கொள்வார், உங்களுக்கு 259 தான் வரும். 270-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 337.50 வரும். 340 என்று அச்சிடுங்கள்.

தினமும் வருபவருக்கும் எப்போதாவது வருபவருக்கும் சமப் பங்கு என்பதால் சண்டை வருகிறது. (பேரணாம்பட்டு)

கூலி வேறு, லாபம் வேறு என்று பிரித்துவிடுங்கள். 1959-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தில், தேய்த்த அப்பளத்தின் எடைக்குக் கூலி கொடுத்துவிடுகிறார்கள். லாபப் பங்கீடு அதற்குப் பிறகு வருவது. நீங்களும் கிலோ கணக்கில் கூலியை வாரக் கடைசியில் கொடுத்துவிடுங்கள். எடை போடும்போதே எல்லோர் முன்னாலும் நோட்டில் எழுதி அவரவர் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அதுதான் அடுத்த சண்டைக்கு விதை. லாபத்தில் கால் பங்கைக் குழுவின் வங்கிக் கணக்கில் நிறுத்திவிட்டு, மீதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகை நாள்களின்படி பிரியுங்கள். நிறுத்திய பணத்தை மாவுபிசையும் இயந்திரம் பழுதானால் எடுக்கலாம், பண்டிகைச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்று தீர்மான நோட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.