தலையணைக்கு அடியில் பிஸ்கட்

கேள்வி: இரண்டேமுக்கால் வயதில் எங்கள் மகளைத் தத்தெடுத்தோம், எட்டு மாதம் ஆகிறது. பிஸ்கட், இட்லித் துண்டு எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். கீழே விழுந்தாலும் அழுவதில்லை. "மூளை வளர்ற வயசு போயிடுச்சு, இனி மாத்த முடியாது" என்கிறார் என் நாத்தனார். உண்மையா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை. குழந்தை 'ங்கா' என்றால் யாராவது திருப்பி 'ங்கா' சொல்ல வேண்டும், அழுதால் தூக்க வேண்டும். மூளை செல்களுக்கு நடுவே இணைப்புகள் வலுப்படுவது இப்படித்தான். கேட்க ஆளில்லாத இடத்தில் அவை மெலிந்துபோகின்றன.

ருமேனியாவில் இது நடந்தது. அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார், வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள், 1989இல் அவர் ஆட்சி விழுந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள். பிறகு அங்கே போன ஆய்வாளர்களை உலுக்கியது கைக்குழந்தைகள் இருந்த அறைகளின் அமைதி. அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று புரிந்துகொண்ட பிள்ளைகள் அழுவதையே விட்டிருந்தார்கள். உங்கள் மகள் விழுந்தும் அழாததைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது, இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்கு இன்னும் அதிகமாக. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டி வந்தவள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு வயதோடு கதவு அடைபடவில்லை. பன்னிரண்டு வயதில் பார்த்தபோது, இடம் மாறாமல் ஒரே குடும்பத்தில் இருந்த பிள்ளைகள் மாறி மாறிப் போனவர்களைவிட நன்றாக இருந்தார்கள். நாத்தனாருக்குத் தெரியாத மறுபாதி இது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை (கடுமையான ஊனம் இருந்தால் தவிர) விடுதியில் வைக்கக் கூடாது என்று ருமேனியா 2004இல் சட்டமும் போட்டது.

நம் ஊரில்? மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார விடுப்பு கொடுத்தார்கள், அதுவும் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால்தான் என்று அப்போது வரம்பு வைத்தார்கள். இரண்டேமுக்கால் வயதில் புது வீட்டுக்கு வந்து மிரண்டு நிற்கும் பிள்ளைக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாமா? அந்த வரம்பு எனக்கு ஆறவே இல்லை.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம். பிஸ்கட்டைப் பிடுங்காதீர்கள், திட்டவும் வேண்டாம். அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன டப்பா வைத்து, 'இது உன்னுது' என்று சொல்லி, அது காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு, நடையில் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டலாம், காசு கிடையாது. அப்புறம், விழுந்தால் அவள் அழாவிட்டாலும் நீங்கள் ஓடிப் போங்கள், தூக்குங்கள், 'வலிக்குதாடா' என்று கேளுங்கள், ஒவ்வொரு முறையும். மாதக்கணக்கில் ஆகலாம். என்றைக்காவது விழுந்துவிட்டு உங்களைத் தேடி ஓவென்று அழுதாளென்றால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.