வெவ்வேறு இன விஷப்பாம்புகளை ஒரே பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். பெட்டி பெரிதாக இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் எதுவும் மாறாது.

ராஜநாகத்துக்குச் சாப்பாடே பாம்புதான். கட்டுவிரியனும் பாம்பு தின்னி. பகலில் தலையைச் சுருளுக்கடியில் புதைத்துச் சாதுவாகக் கிடக்கும், இருட்டினால் வேட்டை. தன் இனத்து விஷத்தைப் பல பாம்புகள் ஓரளவு தாங்கும், அடுத்த இனத்து விஷத்தையும் தாங்கும் என்று நம்ப முடியாது. நீண்ட விஷப்பல் உள்ளுறுப்பில் இறங்கினால் அந்தக் காயமே கொன்றுவிடும்.

பாம்பு தின்னாத விரியன்களாகப் பார்த்துச் சேர்த்தாலும் இரை போடும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே எலியைத் தலைப்பக்கம் ஒன்றும் வால்பக்கம் ஒன்றுமாக விழுங்கத் தொடங்கும். வாயோடு வாய் முட்டியதும் பெரியது நிறுத்தாது. எலியோடு சேர்ந்து சின்னதும் உள்ளே போய்விடும்.

சூடும் ஈரமும் ஒத்துப்போகாது. சுருட்டை விரியனுக்கு உலர்ந்த மணலும் 30 டிகிரிக்கு மேல் காயும் இடமும் வேண்டும். மூங்கில் குழிவிரியனுக்கு ஈரக் கிளை, 25 டிகிரி அளவு. நடுத்தரமாக வைத்தால் ஒன்றுக்கு வயிற்றுச் செதிலில் கொப்புளம், மற்றதற்குச் சட்டை துண்டு துண்டாக உரியும்.

நோயில் இன்னொரு தொல்லை: தரையில் கக்கிய எலி கிடந்தால் எது கக்கியது என்றே தெரியாது. பாம்புகளுக்குள் தொற்றும் பாராமிக்ஸோ வைரஸ் புகுந்தால் விரியன்கள் வரிசையாகச் சாகும். அதனால்தான் புதுப் பாம்பை 90 நாள் தனி அறையில் வைக்கிறோம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, கதவைத் திறப்பவரைப் பற்றியது. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பூட்டில் கை வைக்க வேண்டும். கொக்கியில் கண்ணாடி விரியன் தொங்கும்போது நாகம் எங்கே? மரப்பட்டைக்கு அடியிலா, கதவுச் சட்டத்தின் மேலா? கடித்துவிட்டால் எது கடித்தது? எல்லா விஷமுறிவு மருந்தும் எல்லாப் பாம்புக்கும் கேட்காது. ஒரே இனம் என்றால், இனப்பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டையைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கடிபட்டவரோடு அனுப்பிவிடலாம்.

ஆப்பிரிக்காவின் காபூன் விரியனும் காண்டாமிருக விரியனும் ஒரே காட்டில் வாழ்பவைதானே என்பார்கள். அவை இணைசேர்ந்து கலப்புக் குட்டி போடும். இனம் காக்கும் வேலையே கெடும்.

இரண்டு இனமும் ஒன்றாகத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் தரை முதல் கூரைவரை கண்ணாடித் தடுப்பு போடுங்கள். பக்கத்துக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு, பாம்பு பதுங்க, வெளியிலிருந்தே வாயை மூடக்கூடிய ஒரு மறைவுப்பெட்டி. தடுப்பின் விளிம்பெங்கும் சிலிக்கான் பசை ஓட்டி, காய்ந்தபின் மெல்லிய அட்டையைச் செருகிப் பாருங்கள். நுழைகிற இடத்தில் மறுபடி பூசுங்கள்.