2, 5, 7, 12, 19 அடுத்த நம்பர் என்ன? இதுல கோல்டன் ரேஷியோ எப்படி வருது?

அடுத்தது 31. முன்னாடி இருக்கற ரெண்டையும் கூட்டினா அடுத்தது வரும், 12+19, அவ்ளோதான். கண்டுபிடிக்கறது ஈஸி, ஆனா உங்க ரெண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஒவ்வொரு நம்பரையும் அதுக்கு முன்னாடி நம்பரால வகுத்துப் பாருங்க. 5/2 = 2.5, அப்புறம் 1.4, 1.714, 1.583, 1.632, 1.613, 1.62... ஒரு தடவை மேல ஒரு தடவை கீழன்னு ஆடி ஆடி 1.618க்கிட்ட வந்து நிக்குது பாத்தீங்களா, அதுதான் கோல்டன் ரேஷியோ, இது 1, 1, 2, 3, 5, 8-னு போற ஃபிபோனாச்சி வரிசைக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, எந்த ரெண்டு முழு எண்ல ஆரம்பிச்சாலும் (ரெண்டுமே பூஜ்யமா இருக்கக்கூடாது) கூட்டிக்கிட்டே போனா இங்கதான் வந்து சேரும்.

ஏன்னா, விகிதம் ஒரு இடத்துல நின்னுடுச்சுன்னு வைங்க, அதுக்கு x-னு பேரு. அப்போ வரிசையா மூணு நம்பர் 1, x, x² மாதிரி இருக்கும், கூட்டல் ரூல்படி x² = x + 1. இதைத் தீர்த்தா (1+√5)/2 = 1.618. இன்னொரு விடை −0.618, அதோட சைஸ் 1-ஐ விட சின்னது, அதனால பெருக்கப் பெருக்கத் தேஞ்சு காணாமப் போயிடும், அந்த மைனஸ்தான் மேல கீழ ஆட்டத்துக்கே காரணம்.

ஆரம்பத்துல 2, 1 போட்டா லூகாஸ் வரிசை: 2, 1, 3, 4, 7, 11, 18... இதுல 123 வரும், 1.618-ஓட முழு மதிப்பை 10 தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா (x¹⁰) 122.99, எவ்ளோ அழகு!

ஒரே ஒரு விஷயம், 2, 3, 5 மட்டும் குடுத்தா அவசரப்படாதீங்க, அடுத்தது 8-ஆவும் இருக்கலாம், பகா எண்ணா இருந்தா 7-ஆவும் இருக்கலாம்.