தேர்ச்சியைக் கெடுப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

2024ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டுடன் மாநிலத்திலேயே கடைசியாக நின்றது. எங்கள் பள்ளியில் நாலைந்து பேர் தேர்ச்சியைக் கெடுக்கிறார்கள். பழி எங்கள் மேல் விழுகிறது. தனியார் பள்ளிகளோடு எங்களை ஒப்பிடுவது நியாயமா? அமெரிக்காவைப் போல் மதிப்பெண்ணைப் பார்த்து நிதி கொடுத்தால் எல்லோருக்கும் பொறுப்பு வராதா?

ச., ஆசிரியர், குடியாத்தம்

அன்புள்ள ச.,

தனியார் பள்ளிப் பேச்சை விடுங்கள். வடிகட்டிச் சேர்ப்பவர்களோடு உங்களுக்கு என்ன போட்டி?

அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறிவிட வேண்டும் என்றது. தொடர்ந்து தவறிய பள்ளிகளின் மேல் நடவடிக்கை பாயும் என்றதும், தேர்வில் கணக்கில் வராத வரலாற்றுக்கும் ஓவியத்துக்கும் நேரம் சுருங்கிற்று. அட்லாண்டாவில் ஆசிரியர்களே மாணவர்களின் தவறான விடைகளை அழித்துத் திருத்தினார்கள்; 2015இல் பதினொரு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பழைய சட்டத்தின் இடத்தில் வேறொன்று வந்தது. நமக்கும் இது புதிதன்று: 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலேயே, சோதனையில் தேறிய பிள்ளைகளை எண்ணிப் பள்ளிகளுக்கு மானியம் அளந்தார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது நிதி அல்ல, 'கெடுக்கிறார்கள்' என்ற சொல். அதை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு மனப்பாடம் வராது. மாலையில் அவன் வீட்டுத் திண்ணையில், மடியில் முறத்தை வைத்து அவன் அம்மா பீடி சுற்றுவார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலியில் கழித்துப் போட்ட பீடிகளுக்கான பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்பதை, ஏஜெண்ட் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிடுவான். ஒரு பைசா தவறி நான் பார்த்ததில்லை. ஆண்டு முடிவில் அந்த அம்மாவை அழைத்து, 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளில் கைநாட்டு வாங்கி, டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். இலைப்பொடி படிந்த அந்த விரலை, மை ஒட்டுவதற்காக, எழுத்தர் இரண்டு முறை துடைக்கச் சொன்னார். மறு வருடம் பள்ளிச் சுவரில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று நீல வண்ணத்தில் எழுதினார்கள். அந்த நூற்றில் நானும் ஒருவன்.

நீங்கள் நல்ல ஆசிரியர். இல்லாவிட்டால் இரவு பதினொன்றரை மணிக்கு இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த நாலைந்து பேரும் பள்ளி விட்டுப் போய் வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரித்து, எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.