சார்ட்டை நீங்கள் ஏன் வரைகிறீர்கள்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மூளை ஆய்வையும் கலையையும் வகுப்பில் பயன்படுத்துவது பற்றிய பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மெல்லிய இசை ஓடவிட்டுத்தான் பாடம். பிள்ளைகளை இடது மூளை (கணக்கு வருகிறவர்கள்), வலது மூளை (கலை வருகிறவர்கள்) என்று பிரித்து உட்கார வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் வண்ணச் சார்ட், இரவு 12 மணி வரை உட்கார்ந்து நானே வரைகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் உதவிக்கு வருவாள், கோணலாக்கிவிடுவாள் என்று தூங்க அனுப்பிவிடுவேன். இவ்வளவு செய்தும் மதிப்பெண் ஏறவில்லை. தலைமை ஆசிரியை, ‘போர்ஷனை முடியுங்கள், போதும்’ என்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: அவருக்குப் புரிய வைப்பதை அப்புறம் பார்க்கலாம். இப்படி எழுதும் ஆசிரியர்கள் எல்லோரும் தலைமை ஆசிரியர் மேல்தான் குறை சொல்கிறார்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்திய வரி வேறு: சார்ட்டை நீங்களே வரைகிறீர்கள், கோணலாகிவிடும் என்று சொந்த மகளைக்கூடப் பக்கத்தில் விடுவதில்லை.

ஏன் அம்மா? அந்தச் சார்ட் யாருக்கு?

2016-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. வேறொருவர் தந்த படத்தைப் பார்ப்பதும் வரைவதற்கு ஈடாகவில்லை. படம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பதற்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கோணல் படம் போட்டவருக்கும் அதே பலன். அப்படியென்றால், உதாரணத்துக்கு இதயம் பற்றிய பாடம் என்றால், உங்கள் வகுப்பில் அதை ஆழமாகப் படித்தது யார்? நீங்கள். நடு ராத்திரியில், தனியாக. நாற்பது பிள்ளைகள் சுவரில் தொங்கும் முடிந்துபோன படத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை கையில் சிவப்பு, நீலம் இரண்டு பென்சிலைக் கொடுத்து (ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்துக்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம்), புத்தகத்தை மூடச் சொல்லி, இரத்தம் போகும் வழியை வரையச் சொல்லிப் பாருங்கள். இதயத்தின் வலது கீழறையான வலது வெண்ட்ரிக்கிள் வரை நீலம் தடையில்லாமல் போகும். நுரையீரல் தமனி வந்ததும் பென்சில் நிற்கும். தமனி என்றால் சிவப்புதானே, ஆனால் இந்த இரத்தம் இன்னும் நுரையீரலுக்கே போகவில்லையே, அப்போது என்ன நிறம்? ஒரு நிமிடம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்காரும், சிவப்பைத் தொடும், வைத்துவிடும், நீலத்தை எடுக்கும். பாடம் நடப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். உங்கள் அழகான சார்ட் அந்தக் குழப்பத்தைப் பிள்ளைக்கு முன்னாலேயே தீர்த்து வைத்துவிடுகிறது. தப்பான நிறம் தீட்டினால் தீட்டட்டும், எங்கே புரியவில்லை என்று உங்களுக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து மறுபடி புத்தகத்தை மூடி வரையச் சொல்லுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது. ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களுக்கு 61.

சரி, இசை. இசை கேட்டால் மூளை கூர்மையாகும் என்ற பேச்சுக்குக் காரணம் 1993-இல் மொசார்ட் இசை பற்றி வந்த ஒரு ஆய்வு. அதில் இருந்தது 36 கல்லூரி மாணவர்கள். காகிதத்தை மடித்து வெட்டுவது மாதிரியான கணக்குகளில் கொஞ்சம் முன்னேற்றம், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு. அறிவியல் பாடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, நிறுத்திவிடுங்கள். இடது மூளை வலது மூளைப் பிரிவினையை நாளைக் காலையே கலைத்துவிடுங்கள். 2013-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அலசியும் அப்படி ஒரு பக்கம் ஓங்கிய மனிதர்கள் தென்படவில்லை. ‘நீ வலது மூளை’ என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், ‘உனக்குக் கணக்கு வராது’ என்றுதான் அது வீட்டில் போய்ச் சொல்லும். அந்த அடையாளத்தை ஒட்டும் உரிமை உங்களுக்கு இல்லை.

கலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்பு அறிவியலில் கலையைக் கலந்து நடத்திப் பார்த்தபோது, அதிகம் பலன் பெற்றது வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள்தான். ஆனால் அங்கே ஆடியதும் பாடியதும் வரைந்ததும் பிள்ளைகள்.

இப்போது உங்கள் மகள். இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஊரார் பிள்ளைகளின் மூளைக்காகத் தூக்கம் கெடுகிறீர்கள், உங்கள் பிள்ளையைக் கோணல் என்று சொல்லி எழுப்பி அனுப்புகிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை அம்மா பக்கத்தில் உட்கார வருவது சார்ட்டுக்காக இல்லை என்று ஒரு ஆசிரியைக்குத் தெரிய வேண்டாமா? இன்னும் இரண்டு வருடம் இப்படி அனுப்பினால் அவள் வரவே மாட்டாள். அப்போது மகள் பேசுவதில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள், அதற்கு என்னிடம் பதில் இருக்காது. தாய்க்கு மகள் முதல் கடமை, வகுப்பு அதற்கு அடுத்ததுதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இன்று இரவு சார்ட் வாங்கி வந்திருந்தால் அதைத் தரையில் விரித்து ஸ்கெட்ச் பேனாவை அவளிடம் கொடுங்கள். இதயத்தை அவள் எப்படி வரைகிறாளோ வரையட்டும், என்ன வரைந்தாள் என்று அவளே உங்களுக்குச் சொல்லட்டும். ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் வகுப்புக்கு வெறும் வெள்ளைத் தாள் எடுத்துப் போனால் போதும்.